வாழைக்கன்று கட்டிய டிராக்டர்

ஜப்பான்காரன் இந்த நாட்டுக்குள் வருவதற்குச் சில வருடங்கள் முன்பு, கோலாலம்பூரிலிருந்து செர்டாங் போகிற பக்கம் ஒரு மேட்டை வெட்டி, பக்கத்துப் பள்ளத்தை நிரப்பி, சாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அங்கே டிராக்டர் ஓட்டினேன். ஆயுத பூஜைக்கு மறுநாள் மத்தியானம் அங்கே நடந்ததைப் பலரிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் கொஞ்சம் மீசையை முறுக்கிக்கொண்டுதான் சொல்லியிருக்கிறேன். எழுதும்போது அந்த முறுக்கு வேண்டாம் என்று தோன்றுகிறது. உள்ளதை உள்ளபடி சொல்கிறேன்.

அதற்கு முன்னால் பிரிக்பீல்ட்ஸில் செங்கல் ஏற்றும் மாட்டுவண்டி ஓட்டிப் பிழைத்தவன் நான். லோரிகள் வந்து என் மாடுகளைக் கொட்டிலில் உட்காரவைத்துவிட்டன. ஒரு குத்தகைக்காரர் புதிதாக டிராக்டர் இறக்கியிருக்கிறார், ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன். "மாடு ஓட்டினவனுக்கு இதெல்லாம் ஒரு கஷ்டமா தம்பி" என்றார் அங்கிருந்த மெக்கானிக். சுத்தப் பொய். மாட்டுக்கு நம் குரல் தெரியும். பள்ளத்தைக் கண்டால் நாம் சொல்லாமலே நின்றுவிடும். இந்த இரும்பு யாருக்காகவும் நிற்காது. ஏறி உட்கார்ந்த முதல் நாளே எனக்கு அதனிடம் பயம் வந்துவிட்டது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது விளங்கும். முன்னால் டிராக்டர். அதற்குச் சக்கரம் கிடையாது, இரண்டு பக்கமும் இரும்புச் சங்கிலிதான் உருளும். பின்னால் ஸ்கிரேப்பர். அதன் பெயர் எங்கள் வாயில் நுழையாததால் பெட்டி என்றே சொல்வோம். பெரிய இரும்புப் பெட்டி, வாயில் கூர்மையான தகடு. பெட்டியைத் தரையில் இறக்கி இழுத்தால் தகடு மண்ணைச் சீவும், சீவின மண் பெட்டிக்குள் ஏறும். நிறைந்ததும் தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளத்தில் கொட்ட வேண்டும். தூக்குவதும் இறக்குவதும் ஒரு இரும்புக்கயிறு. என் முதுகுக்குப் பின்னால் இருந்த உருளையில் சுற்றி, பெட்டியின் மேலிருந்த கப்பிகளில் அது ஓடும்.

மெக்கானிக் எனக்குச் சொன்னதில் இரண்டு விஷயம் முக்கியம். ஒன்று, இறக்கத்தில் எது நடந்தாலும் பெட்டியைக் கீழே போட்டுவிட வேண்டும். தகடு மண்ணைக் கவ்விக்கொள்ளும், வண்டி நின்றுவிடும். கப்பலுக்கு நங்கூரம் மாதிரி. இரண்டாவது, திருப்புகிற விஷயம். டிராக்டரைத் திருப்ப இடதுக்கு ஒரு கம்பி, வலதுக்கு ஒரு கம்பி. எந்தப் பக்கத்துக் கம்பியை இழுக்கிறோமோ அந்தப் பக்கத்துச் சங்கிலிக்கு இஞ்சினின் பிடி விட்டுப்போகும். சமதரையில் பிடி விட்ட சங்கிலி பின்தங்கும். அதனால் இடதை இழுத்தால் வண்டி இடதுபக்கம் திரும்பும். இறக்கத்தில் கதையே வேறு. அங்கே இஞ்சின்தான் வண்டியை ஓடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். பிடி விட்ட சங்கிலி சும்மா இருக்குமா? கட்டவிழ்த்த கன்றுக்குட்டியாக முந்திக்கொண்டு ஓடும். இடதை இழுத்தால் வண்டி வலதுபக்கம் திரும்பும்.

"எறக்கத்துல இது நம்ம வீட்டுப் பொம்பள மாதிரி தம்பி, நீ ஒரு பக்கம் சொன்னா அது ஒரு பக்கம் போவும்" என்று சொல்லிச் சிரித்தார் அவர். நானும் அதை ஒரு பெரிய நகைச்சுவை என்று நினைத்து வீட்டில் போய்ச் சொன்னேன். அன்று ராத்திரி எனக்கு ரசம் மட்டும்தான் கிடைத்தது.

என் மனைவியும் அதே வேலையில்தான் இருந்தாள். நான் கொட்டுகிற மண்ணைப் பெண்கள் மண்வெட்டியால் இழுத்துச் சமப்படுத்துவார்கள். அவர்களில் பலர் கைக்குழந்தைக்காரிகள். எங்களுக்கும் அப்போது தவழக்கூடத் தொடங்காத பெண்குழந்தை. பிள்ளைகளை எங்கே விடுவது? தோட்டங்களில் ஆயாக் கொட்டகை இருப்பதுபோல இங்கேயும் அத்தாப்பு ஓலை வேய்ந்து ஒரு கொட்டகை போட்டு, கழிகளில் சேலைத் தொட்டில் கட்டி, எல்லாக் குழந்தைகளையும் அங்கே படுக்கவைத்திருப்பார்கள். பார்த்துக்கொள்ள ஒரு அக்கா உண்டு. இடையிடையே தாய்மார் ஓடிவந்து பால் கொடுத்துவிட்டுப் போக வசதியாக இருக்கட்டும் என்று கொட்டகையை இறக்கத்தின் அடியிலேயே, இடதுபக்கம் போட்டிருந்தார்கள். வலதுபக்கம் பழைய ஈய லம்பம். ஈயம் தோண்டி முடித்துக் கைவிட்ட பெரிய குளம் அது. மேலே தண்ணீர், கீழே எவ்வளவு சேறு என்று யாருக்கும் தெரியாது. என் பாதை இறக்கத்தின் அடியில் வலதுபக்கம் வளைந்து, அந்த லம்பத்தின் கரையோரமாகப் போகும்.

ஆயுத பூஜையை எங்கள் ஆட்கள் எப்படிக் கொண்டாடுவார்கள் என்று உங்களுக்குத் தெரியாததில்லை. மண்வெட்டி முதல் ரம்பம் வரை கழுவிப் பொட்டு வைத்தாயிற்று. டிராக்டருக்குத் தடபுடலான அலங்காரம். முன்னால் மாலை, சங்கிலிக்கு அடியில் எலுமிச்சம்பழம், பெட்டியின் இரண்டு பக்கமும் குலை தள்ளப்போகிற உயரத்தில் வாழைக்கன்று. நான்தான் முன்னால் நின்று கட்டினேன். கல்யாண வீட்டு வாசல் மாதிரி இருக்கிறது என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கும் பெருமை பிடிபடவில்லை.

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரம் பார்த்து வேலையைத் தொடங்கச் சொன்னார் எங்களை மேய்க்கிற மண்டோர். கூடவே, "மால, கன்னு எதையும் யாரும் கழட்டாதீங்க. அதுவா காஞ்சு விழுவட்டும்" என்றார். யார் கழற்றப்போகிறார்கள்? சாமிக்குக் கட்டியதை விஜயதசமி அன்று வெட்டி எறிய எங்களில் யாருக்குக் கை வரும்? அப்படியே கிளம்பினேன். காலை முழுதும் குலுங்கியதில் ஒரு கன்று கட்டுத் தளர்ந்து உள்பக்கமாகச் சாய்ந்தது. இறங்கிப் போய் நிமிர்த்தி இறுக்கிக் கட்டிவிட்டு மறுபடி ஏறினேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மேட்டில் பெட்டியை நிறைத்துக்கொண்டு இறங்க ஆரம்பித்தேன். வானம் அதுவரை வெளுத்துத்தான் இருந்தது. இந்த ஊர் மழையைப் பற்றித்தான் தெரியுமே. பாதி இறக்கம் வருவதற்குள் எதிரே இருந்த காடே மறைந்துபோகிற அளவுக்குக் கொட்டியது. செம்மண் பாதை கண்ணெதிரே பளபளவென்று ஆனது. சங்கிலி உருளாமல் வழுக்குவதை முதலில் என் இடுப்புதான் உணர்ந்தது.

பயப்படவில்லை. வழிதான் தெரியுமே என்று பின்னால் கைவிட்டு, பெட்டியை இறக்கும் கம்பியைத் தள்ளினேன். பெட்டி இறங்கவில்லை. இன்னொரு முறை தள்ளினேன். திரும்பிப் பார்த்தேன். நான் நிமிர்த்திக் கட்டிய அந்த வாழைக்கன்று கட்டறுந்து அடியோடு சாய்ந்து கப்பிக்குள் போயிருந்தது. கப்பி அதை மென்று, நாரும் பட்டையுமாக அடைத்துக்கொண்டு நின்றுவிட்டது. இரும்புக்கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவு மண்ணோடு பெட்டி அந்தரத்தில் நின்று, பின்னாலிருந்து என்னைத் தள்ளிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் பயம் வந்தது. வாயில் செம்பைக் கடித்ததுபோல ஒரு ருசி. பெட்டி தள்ளிய தள்ளலில் டிராக்டரின் மூக்கு கொஞ்சம் கொஞ்சமாக இடதுபக்கம் திரும்பியது. இடதுபக்கம் என்ன இருக்கிறது என்று நான் பார்க்கத் தேவையில்லை. ஆனாலும் பார்த்தேன். மழைக்குள் அந்தக் கொட்டகை, வரிசையாகத் தொங்கும் சேலைகள். எங்கள் சேலை பச்சை, கடைசியில் இருந்தது.

வலதுகை தானாக வலதுகம்பியை இழுத்தது, கால் வலது பிரேக்கை மிதித்தது. தினமும் கீழே சமதரையில் வளைவதற்குச் செய்கிற பழக்கம். சங்கிலி அப்படியே பூட்டிக்கொண்டு சேற்றில் சறுக்கியது. மூக்கு இன்னும் இடதுபக்கம் போயிற்று. கொட்டகை நேர் எதிரே வந்துவிட்டது. பிள்ளை பார்க்கிற அக்கா சத்தம் கேட்டு வெளியே எட்டிப் பார்த்தாள். உள்ளே ஓடினாள். இரண்டு கையிலும் இரண்டு குழந்தைகளோடு வந்து, அடுத்தது எதைத் தூக்குவது என்று தெரியாமல் அப்படியே நின்றாள்.

குதித்துவிடலாம் என்ற எண்ணம் எனக்கு வந்தது. வரவில்லை என்று சொன்னால் அது பொய். குதித்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

இறக்கம் என்ற சொல் எங்கிருந்தோ மனதுக்குள் வந்தது. இது இறக்கம், இங்கே எல்லாம் மாற்றி. வண்டி வலதுபக்கம் போகவேண்டுமென்றால் இடதுகம்பியை இழுக்கவேண்டும். கொட்டகைப் பக்கத்துக் கம்பியை. பிரேக்கிலிருந்து காலையும் எடுத்துவிட வேண்டும். புத்திக்கு இது தெரிந்தது. கை கேட்கவில்லை. என் பிள்ளை இருக்கிற பக்கத்துக் கம்பியை நானே இழுப்பதா? இடதுகை கம்பியைப் பிடித்துக்கொண்டு, இழுக்க மாட்டேன் என்றது. "ஆத்தா" என்று கத்தினேனாம். எனக்கு ஞாபகமில்லை, மற்றவர்கள் சொன்னார்கள். கண்ணை மூடிக்கொண்டு வலதுகம்பியை விட்டேன், காலைத் தூக்கினேன், இடதை இழுத்தேன்.

ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. அந்த ஒரு கணத்தில் என் பிள்ளையை நானே கொன்றுவிட்டேன் என்று முடிவு செய்துவிட்டேன். பிறகு இடது சங்கிலி கடகடவென்று ஓடியது. வண்டி என்னை இடதுபக்கம் வீசியடித்துவிட்டு வலதுபக்கம் திரும்பியது. கண்ணைத் திறந்தபோது எதிரே தண்ணீர்தான் தெரிந்தது. கரையை உடைத்துக்கொண்டு டிராக்டர் லம்பத்துக்குள் மூக்கைக் குத்தியது. நான் அதற்கும் முன்னால் போய் விழுந்தேன்.

விழுந்தது தண்ணீரில் என்றுதான் நினைத்தேன். அது சேறு. மார்பு வரை உள்ளே போய்விட்டேன். காலை உதைத்தால் தரை இல்லை, உதைக்க உதைக்க இன்னும் கீழே இழுத்தது. தலைக்கு மேலே டிராக்டர் சாய்ந்தபடி நின்று உறுமிக்கொண்டிருந்தது. அது இன்னும் கொஞ்சம் சரிந்தால் நான் அடியில். ஆனால் அப்போது அந்தப் பயம் எனக்கு இரண்டாம்பட்சம். கரையும் டிராக்டரும் கொட்டகையை மறைத்துக்கொண்டிருந்தன. டிராக்டர் திரும்பிவிட்டது, சரி. பின்னால் வந்த பெட்டி? திரும்பும்போது அது அகலமாக வீசிக்கொண்டு வருமே. அது கொட்டகையை அடித்துப் போட்டிருந்தால்? எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கூப்பிட்டேன், மழைச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அந்த லம்பத்தின் ஓரத்தில் மிச்சம் கிடக்கும் ஈயமணலை அரித்தெடுக்கச் சீனப் பெண்கள் வருவார்கள். அகலமான மரத்தட்டில் மணலை அள்ளித் தண்ணீரில் சுழற்றுவார்கள். அந்தத் தட்டுக்கு டூலாங் என்று பேர். தினமும் பார்ப்போம், பேசியதில்லை. அவர்களில் ஒருத்தி, கறுப்புச் சட்டை, தலையில் பெரிய தொப்பி, என்னைப் பார்த்துவிட்டாள். ஓடிவந்தவள் சேற்றின் விளிம்பில் மண்டியிட்டு, தன் டூலாங்கை என் பக்கம் வழுக்கிவிட்டாள். அதன் மேல் மார்பைச் சாய்த்துக்கொள் என்று தன் மார்பைத் தட்டிக் காட்டினாள். நான் உதைப்பதைப் பார்த்து, "ஜாங்கான் கெராக், ஜாங்கான் கெராக்" என்று பசார் மலாயில், எல்லா இனத்தாரும் பேசுகிற அந்தக் கடைத்தெரு மலாயில், அதட்டினாள். அசையாதே என்று அர்த்தம். அசையாமல் இருந்தேன். கீழே இறங்குவது நின்றது. மண் சுமக்கும் காண்டாக் கழியின் ஒரு முனையை என்னிடம் நீட்டி, மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டாள். சரிந்து நின்ற டிராக்டருக்கு நேர் கீழே அவளும் இருந்தாள். அது விழுந்தால் அவளுக்கும் அதே கதிதான். நான் யார் பெற்ற பிள்ளையோ, அவளுக்கு என்ன தலையெழுத்து?

நான் அவளிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "பூடாக்? பூடாக்?" குழந்தைகள்? கழியை விடாமல் அவள் எழுந்து, கரைக்கு மேலே கழுத்தை நீட்டிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். ஏன் இவள் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள் என்று எனக்கு உயிர் போயிற்று. பிறகு குனிந்து, "பூடாக் மெனாங்கிஸ். பாகுஸ்" என்றாள். பிள்ளைகள் அழுகிறார்கள், நல்லது என்றாள்.

அதைக் கேட்டதும் நான் அழுதேன். சேற்றில் முகத்தை வைத்துக்கொண்டு விக்கி விக்கி அழுதேன். அவளும் விடாமல் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் ஆட்கள் கயிறோடு வந்து இழுத்துப் போட்டார்கள். மேலே ஏறிப் பார்த்தால் பெட்டி கரையில் கவிழ்ந்து கிடந்தது. போகிற போக்கில் கொட்டகையின் மூலைக்காலைப் பிடுங்கிக்கொண்டு போயிருந்தது. கூரை ஒரு பக்கம் தொங்கியது. தொட்டில்கள் இருந்த கழி தப்பியிருந்தது. என் மனைவி பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு நின்றாள். மேலெல்லாம் சேறாக நின்ற என்னைப் பார்த்து, "கிட்ட வராதீங்க, புள்ள பயந்துரும்" என்றாள். பிறகு அவளே வந்து என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

பிள்ளை பார்க்கிற அக்காதான் தேறவே இல்லை. எங்கள் இருவர் முன்னாலும் வந்து உட்கார்ந்து, "கைக்கு எட்டினதத்தான் தூக்குனேன். உங்க புள்ள கடசியில இருந்துச்சு. நான் தூக்கலியே" என்று புலம்பினாள்.

"எதத் தூக்குனா என்னக்கா, அதுவும் புள்ளதானே" என்றாள் என் மனைவி. எனக்கு அப்படிச் சொல்ல வந்திருக்காது. நான் சின்ன விஷயத்துக்கே வள்ளென்று விழுகிற ஆள்.

அந்தச் சீனப் பெண்ணைத் தேடினேன். டூலாங்கைக் கழுவி எடுத்துக்கொண்டு அவள் எப்போது போனாள் என்று யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் வந்திருந்தாள். என் மனைவி அவளுக்குப் பலகாரம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவள் வாங்கிக்கொண்டு, என்னைக் காட்டி ஏதோ சொல்லிச் சிரித்தாள். நான் சேற்றில் அழுததைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

மண்டோர் அதற்குப் பிறகும் ஒவ்வொரு வருடமும் வாழைக்கன்று கட்டச் செய்தார். வண்டியில் இல்லை, கொட்டகை வாசலில். கொட்டகையையும் மேட்டுக்கு மாற்றிவிட்டார்கள். அம்மன்தான் வண்டியைத் திருப்பிவிட்டாள் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். நானும் இல்லை என்று சொல்லவில்லை.

ஆனால் அந்த மறுநாள் காலை, யாரும் வருவதற்கு முன்னால், நான் தனியாகப் போய் இறக்கத்தின் அடியில் நின்று பார்த்தேன். மழை நின்ற மண்ணில் சங்கிலித் தடம் அச்சடித்ததுபோல இருந்தது. கொட்டகையைப் பார்த்து வந்த தடம் ஒரு இடத்தில் வலதுபக்கம் வளைகிறது. நான் கம்பியை இழுத்த இடம். அதைத் தாண்டிச் சற்றுத் தூரத்திலேயே தரை சமமாகிவிடுகிறது. என் மாட்டுவண்டியைக் குறுக்கே நிறுத்தினால் அதற்குக்கூட இடம் போதாது, அவ்வளவுதான் இறக்கம் மிச்சம். இன்னும் கொஞ்ச நேரம் என் கை தயங்கியிருந்தால், அதே கம்பியை அதே மாதிரி நான் சமதரையில் இழுத்திருப்பேன். வண்டி சொன்ன பேச்சைக் கேட்டு இடதுபக்கம் திரும்பி, நேராகத் தொட்டில்களுக்குள் போயிருக்கும். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் மட்டும் சொன்னேன். அவள் தூங்குகிற பிள்ளையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். பிறகு, "இத வேற யாருகிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காதீங்க. தூக்கலியேன்னு புலம்புற அந்தக்கா காதுல விழுந்தா செத்துரும்" என்றாள். அதனால்தான் இவ்வளவு காலம் மீசையை முறுக்கிக்கொண்டு சொன்னேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது அந்த அக்காவும் இல்லை, என் மனைவியும் இல்லை.

பிறகும் பல வருடம் டிராக்டர் ஓட்டினேன். ஒரு நாளும் பயமில்லாமல் ஓட்டியதில்லை. பயப்படுகிறவனைக் கேலி செய்வதையும் அன்றோடு விட்டுவிட்டேன். என் மகளுக்கு இப்போது பிள்ளைகள் இருக்கின்றன. உங்கள் தாத்தா எவ்வளவு தைரியசாலி தெரியுமா என்று அவள் அவர்களிடம் சொல்லிக்கொண்டே கைக்குழந்தையைத் தொட்டிலில் போட்டு ஆட்டுவாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என் இடதுகை தானாக இறுக மூடிக்கொள்ளும். பிள்ளைகள் பிழைத்துவிட்டன என்பது எனக்குத் தெரியும், என் கைக்கு மட்டும் அது இன்னும் தெரியவில்லை.